மகள் வீட்டுக்குப் போன இடத்தில் வெளியே போக ஆசைப்படுவது தவறா?

வாசகரின் கடிதம், சுருக்கமாக

வெள்ளவத்தையிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். வயது 67, பல ஆண்டுகள் வரலாறு படிப்பித்து ஓய்வுபெற்றவர். கணவருக்கு வயது 73. அவருக்கு நீரிழிவும் உயர் குருதியழுத்தமும் உண்டு. இரண்டுக்கும் குளிசை எடுக்கிறார். வலது முழங்காலில் தேய்மானம். இவர்களின் ஒரே மகள் கணவருடனும், எட்டு வயது மகளுடனும், நான்கு வயது மகனுடனும் லண்டனின் புறநகர் ஒன்றில் வாழ்கிறார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நத்தார் விடுமுறையை ஒட்டி அங்கே போய் ஆறு வாரம் தங்கியிருந்தார்கள். மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவார்கள். பாடசாலை விடுமுறையில் பிள்ளைகளைப் பார்ப்பதும் சமைப்பதுமாக நாட்கள் போயின. வார இறுதியில் காரில் கடைத்தொகுதிக்கு அழைத்துப் போவார்கள். "ஆறு வாரத்தில் நான் பார்த்த லண்டன், சமையலறை யன்னலுக்கு வெளியே இருந்த மரவேலியும் கார்க் கண்ணாடிக்கு வெளியே ஓடிய வீதிகளும்தான்" என்று எழுதுகிறார். கணவரோ, வெளியே போவோமா என்று கேட்கும் போதெல்லாம், "பிள்ளைகளைப் பார்க்க வந்தோம், ஊர் சுற்ற வரவில்லை" என்று முடித்துவிடுவார். நாடு திரும்பியபோது அவரால் மாடிப்படி ஏற முடியவில்லை. சீனியின் அளவும் கூடியிருந்தது.

இந்த மார்கழிக்கு மகள் மீண்டும் அழைத்திருக்கிறார். அம்மாவின் கேள்விகள் இவை: இந்த வயதில் வெளியே போக ஆசைப்படுவது சுயநலமா? நாங்கள் இருவரும் தனியே போனால் மகளுக்குக் கவலையும் தொந்தரவும் ஆகாதா? பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது விசா நிபந்தனைக்கு விரோதம் என்று ஒருவர் சொல்கிறாரே, உண்மையா? முதியோருக்கு அங்கே பயணமும் வைத்தியமும் இலவசம் என்று இன்னொருவர் சொல்வது சரியா? அந்தக் குளிரில் கணவரை வெளியே கொண்டுபோனால் சளி பிடித்து நோயாகிவிடாதா?

வைத்தியரின் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முதலாவது கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன். சுயநலம் இல்லை. உங்கள் ஆசை நியாயமானது. ஒரு குடும்ப வைத்தியராகப் பார்த்தால் அது தேவையானதும்கூட. வெளிநாட்டில் பிள்ளைகளோடு சில வாரமோ சில மாதமோ தங்கித் திரும்பும் முதியோர் பலர், போனதைவிடத் தளர்ந்த உடலோடு என் சிகிச்சை நிலையத்துக்கு வருகிறார்கள். இங்கே சந்தைக்கும் கோயிலுக்கும் வங்கிக்கும் நடந்து திரிந்தவர்கள், அங்கே சூடாக்கிய அறைக்குள் கதிரையிலிருந்து கட்டிலுக்கும் கட்டிலிலிருந்து கதிரைக்குமாக இருந்துவிடுகிறார்கள். எழுபதைக் கடந்த உடலில், பயன்படாத தொடைத் தசை சில வாரங்களிலேயே கண்கூடாகக் குறைந்துவிடும். தொடைத் தசை குறைந்தால் முழங்கால் மூட்டின் மீது விழும் பாரம் கூடும். உங்கள் கணவர் திரும்பி வந்தபோது படி ஏற முடியாமற் போனதற்கும், சீனி கூடியதற்கும், ஆறு வாரம் நடக்காமல் இருந்ததே முக்கிய காரணமாக இருந்திருக்க வேண்டும். ஆகவே வெளியே போவதை மகளிடம் கேட்கும் சலுகையாக நினைக்காமல், பயண ஏற்பாட்டில் மருந்துக்கு அடுத்தபடியாகத் திட்டமிட வேண்டிய விடயமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்ததாக உங்கள் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடிதத்தில் நான் அதிகம் யோசித்த இடம் அவர் சொன்ன அந்த வாக்கியம்தான். வெள்ளவத்தையில் அவர் தினமும் காலையில் தனியாகவே 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி நண்பர்களைப் பார்க்கப் போவதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட ஒருவர் அங்கே போனதும் வாசற்படியைத் தாண்ட மறுத்தால், அதற்குக் கொள்கையைத் தவிர வேறு காரணமும் இருக்கக்கூடும். இந்த வயது ஆண்கள் வெளியே போகத் தயங்குவதற்கு மிகப் பெரிய காரணமாக நான் காண்பது சிறுநீர். புரொஸ்டேற் சுரப்பி பெருத்திருந்தால் அடிக்கடி போக வேண்டியிருக்கும், அடக்கவும் முடியாது. சீனி கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் அதுவும் சேரும். குருதியழுத்தத்துக்காகத் தரும் குளிசைகளில் சில சிறுநீரைப் பெருக்குபவை. போதாததற்கு, குளிரில் எல்லோருக்குமே சிறுநீர் கூடுதலாகப் போகும். கொழும்பில் எந்தக் கடையில், எந்தக் கோயிலில், எந்த நண்பர் வீட்டில் ஒதுங்கலாம் என்று அவருக்குத் தெரியும். தெரியாத ஊரில், தெரியாத மொழிச் சூழலில், மருமகனின் காரில் பின்னிருக்கையில் இருந்துகொண்டு "கொஞ்சம் நிற்பாட்டுங்கோ" என்று கேட்பதைவிட வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று ஒருவர் முடிவெடுத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

இது என் ஊகம். அவரை நான் பரிசோதிக்கவில்லை. முழங்கால் வலியை வெளிக்காட்ட விரும்பாமல் இருக்கலாம். வழி தவறிவிடுவோம் என்ற பயமாக இருக்கலாம். மகளின் பணத்தைச் செலவழிக்கக் கூடாது என்ற தன்மானமாகவும் இருக்கலாம். எதுவென்று நீங்கள்தான் கேட்டறிய வேண்டும். பிள்ளைகளுக்கு முன்னால் கேட்காதீர்கள், இருவரும் தனியாக இருக்கும் ஒரு நேரத்தில், "அங்கே போனால் பாத்ரூம்தான் உங்களுக்குக் கரைச்சலா?" என்று சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால், பயணத்துக்கு முன்பே அவருடைய வைத்தியரிடம் அழைத்துப் போங்கள். புரொஸ்டேற் வீக்கத்துக்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. சிறுநீர்ப் பெருக்கிக் குளிசை எடுப்பவராயின், வெளியே போகும் நாட்களில் அதை வீடு திரும்பிய பிறகு எடுக்கலாமா என்றும் வைத்தியரைக் கேட்கலாம். ஒன்றை மட்டும் செய்ய விடாதீர்கள்: சிறுநீருக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது. வயோதிபத்தில் அது தலைச்சுற்றுக்கும் விழுகைக்கும் வழி வகுக்கும்.

திருத்திக்கொள்ள வேண்டிய சில எண்ணங்கள்

விசாவைப் பற்றி உங்களுக்குச் சொல்லப்பட்டது பாதி உண்மை. பிரித்தானியாவுக்கான சாதாரண வருகையாளர் விசாவில் ஒரு தடவையில் ஆறு மாதம் வரை தங்கலாம்; வேலை செய்யக் கூடாது. ஆனால் குறுகிய கால வருகையில் உறவினர் ஒருவர் பேரப்பிள்ளைகளைக் கவனித்துக்கொள்வதை அந்நாட்டு விதிகள் தடுக்கவில்லை. பிள்ளை பராமரிப்பாளராக அமர்த்தப்பட்டது போல அது ஆகிவிடக் கூடாது என்பதே நிபந்தனை. மகள் வேலைக்குப் போகும் நாட்களில் அம்மம்மா பிள்ளைகளோடு இருப்பது இயல்பானது. மகள் வேலைக்குப் போவதற்காகவே உங்களை வரவழைத்து, மாதக்கணக்கில், கிழமைக்கு ஐந்து நாளும் பிள்ளைகளை ஒப்படைப்பது வேறு விடயம். விசா விண்ணப்பத்திலும் விமான நிலையத்திலும் வருகையின் நோக்கம் குடும்பத்தைப் பார்ப்பதும் விடுமுறையைக் கழிப்பதும் என்று சொல்வது உண்மையாக இருக்க வேண்டும் அல்லவா? நீங்கள் வெளியே போய் நாலு இடம் பார்ப்பது அந்த நோக்கத்துக்குள் அடங்கியதே. உங்கள் நிலைமையில் வேறு சிக்கல் ஏதும் இருந்தால், குடிவரவுச் சட்டம் தெரிந்த சட்டத்தரணியிடம் கேளுங்கள். அயலவரின் சொல்லை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

முதியோருக்குப் பயணம் இலவசம் என்பது லண்டனில் வசிப்பவர்களுக்கு உரியது. வருகையாளர்களுக்கு அது கிடையாது. நீங்கள் இருவரும் ஆளுக்கொரு ஒய்ஸ்டர் அட்டை (முன்கூட்டியே பணம் ஏற்றி வைத்துப் பயணக் கட்டணம் செலுத்தும் அட்டை) வைத்திருக்க வேண்டும்; ஒரே அட்டையால் ஒரே பயணத்தில் இருவருக்குக் கட்டணம் செலுத்த முடியாது. லண்டன் பஸ்களில் 2014 முதல் காசு வாங்குவதில்லை. 2025இல் ஒரு பஸ் பயணத்துக்கு 1.75 பவுண், அதாவது ஏறத்தாழ 700 ரூபாய். காலி வீதி பஸ் கட்டணத்தோடு ஒப்பிட்டால் மனம் பதறும் என்பது தெரியும். ஆனால் முதல் பஸ்ஸில் ஏறிய ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறி ஏறினாலும் அந்த ஒரு கட்டணம்தான். ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் அறவிடுவதில்லை என்ற உச்ச வரம்பும் உண்டு. உங்கள் பேத்தி பதினொரு வயதுக்குட்பட்டவள் என்பதால் பஸ்ஸில் அவளுக்குக் கட்டணம் இல்லை. இந்தச் செலவை உங்கள் ஓய்வூதியத்திலிருந்து நீங்களே ஒதுக்கி எடுத்துப் போங்கள். ஒவ்வொரு தடவையும் மகளிடம் கேட்க வேண்டிய நிலை இல்லாதிருந்தால், உங்கள் கணவருடைய தயக்கத்தில் ஒரு பங்கு அதிலேயே குறையக்கூடும்.

வைத்தியம் பற்றிய எண்ணம்தான் ஆபத்தானது. குறுகிய காலம் தங்குபவர்கள்கூட அங்குள்ள குடும்ப வைத்தியரிடம் தற்காலிக நோயாளியாகப் பதிந்து கட்டணமின்றிப் பார்க்கலாம். வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவில் தரப்படும் முதற் சிகிச்சைக்கும் கட்டணம் இல்லை. ஆனால் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட நிமிடத்திலிருந்து வருகையாளருக்குக் கட்டணம் உண்டு. இங்கிலாந்தில் அது அவர்களுடைய வழமையான கணக்கின் ஒன்றரை மடங்கு. இடுப்பெலும்பு முறிந்து ஒரு சத்திரசிகிச்சை என்றால் அது உங்கள் சேமிப்பை விழுங்கிவிடும். 500 பவுணோ அதற்கு மேலோ செலுத்தப்படாமல் நின்றால், அடுத்த தடவை விசா மறுக்கப்படவும் கூடும். ஆகவே பயணக் காப்புறுதி இல்லாமல் புறப்படாதீர்கள். அதை எடுக்கும்போது நீரிழிவு, குருதியழுத்தம், முழங்கால் மூன்றையும் மறைக்காமல் எழுதுங்கள்; கட்டணம் கூடும் என்று மறைத்தால், தேவைப்படும் நேரத்தில் காப்புறுதி நிறுவனம் பணம் தர மறுக்கும்.

குளிரைப் பற்றி: சளியும் காய்ச்சலும் வைரசுகளால் வருபவை, அவை யன்னல் பூட்டிய, ஆட்கள் நிறைந்த அறைகளில்தான் எளிதாகப் பரவுகின்றன. வெளியே நடந்ததால் மட்டும் சளி பிடிப்பதில்லை. இன்புளுவென்சா தடுப்பூசியைப் புறப்படுவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பாவது இருவரும் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் குளிருக்கு வேறொரு பக்கமும் இருக்கிறது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். குளிர் காற்று படும்போது குருதிக் குழாய்கள் சுருங்கிக் குருதியழுத்தம் கூடும், இதயத்தின் வேலை அதிகரிக்கும். அவருக்கு நடக்கும்போது நெஞ்சு இறுக்கமோ மூச்சு வாங்குதலோ எப்போதாவது இருந்திருந்தால், பயணத்துக்கு முன் இதயப் பரிசோதனை அவசியம். அப்படி ஒன்றும் இல்லையென்றால், மெல்லிய உடைகளை அடுக்கடுக்காக அணிந்து, காதையும் தலையையும் மூடி, வாய் பொத்திய கம்பளிச் சால்வையோடு நிதானமாக நடப்பதில் தவறில்லை. உண்மையில் நான் அஞ்சுவது வழுக்கலுக்கு. இரவில் உறைந்த ஈரம் காலையில் நடைபாதையில் கண்ணாடி போலக் கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. உறைபனி இருந்த காலைகளில் பத்தரை, பதினொரு மணிக்கு முன்பு இறங்காதீர்கள்.

அருகிலிருந்து தொடங்குங்கள்

போன தடவை உங்கள் குடும்பம் செய்த தவறு, வெளியே போவது என்றால் எல்லோரும் சேர்ந்து, காரில், வார இறுதியில், தூரத்துக்குப் போவது என்று எண்ணியதுதான். மார்கழியில் லண்டனில் காலை எட்டு மணிக்குத்தான் சூரியன் உதிக்கும். மாலை நான்கு மணிக்குள் இருட்டிவிடும். வேலைக்குப் போகும் பிள்ளைகளால் வார நாட்களில் வெளிச்சத்தில் உங்களை எங்கும் கொண்டுபோக முடியாது. அவர்களுக்காகக் காத்திருந்தால் ஆறு வாரத்தில் ஐந்தாறு சனிக்கிழமைகள்தான் கிடைக்கும். அவற்றில் பாதி மழையில் போகும். பதினொரு மணியிலிருந்து இரண்டரை மணி வரை உள்ள வெளிச்சம் உங்களுடையது. அந்த நேரத்துக்குள் அடங்கும் தூரமே உங்கள் லண்டன் என்று முதலில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சில நாட்கள் அதிகாலை இரண்டு மூன்று மணிக்கே விழிப்பு வரும். குளிர்காலத்தில் நேர வித்தியாசம் ஐந்தரை மணித்தியாலம். பகலில் தூங்கி அதைச் சரிசெய்யப் பார்க்காமல், மதியத்துக்குப் பிறகு ஒன்று, இரண்டு மணியளவில் வெளிச்சத்தில் வெளியே நில்லுங்கள். உடற்கடிகாரம் விரைவில் ஊரோடு ஒத்துப்போகும். அந்த நாட்களில் தெரு முனை வரை போய்த் திரும்பினால் போதும். பிறகு கடை, பூங்கா, நூலகம். அங்குள்ள பொது நூலகங்களுக்குள் யாரும் போய் உட்காரலாம். சூடான இடம், கதிரை இருக்கும். தமிழர் செறிந்து வாழும் சில பகுதிகளின் நூலகங்களில் தமிழ் நூல்களும் வைத்திருக்கிறார்கள். சிறு பிள்ளைகளுக்குக் கதையும் பாட்டும் சொல்லும் நேரமும் பல நூலகங்களில் உண்டு; நான்கு வயதுப் பேரனை வீட்டில் வைத்துத் தொலைக்காட்சியோடு போராடுவதைவிட, மகளோ மருமகனோ வீட்டில் நிற்கும் நாளொன்றில் அவர்களோடு சேர்ந்து அவனை அங்கே கூட்டிப் போவது உங்கள் இருவருக்குமே நல்லது.

கோயில் இன்னொரு நல்ல தொடக்கம். உங்கள் பயண காலத்தில்தான் திருவெம்பாவை வரும். ஹைகேற் முருகன் கோயில், விம்பிள்டன் பிள்ளையார் கோயில் உட்பட லண்டனில் நம்மவர் நடத்தும் கோயில்கள் பல இருக்கின்றன. மகள் வீட்டுக்கு அருகில் எது என்பதை இப்போதே கேட்டறியுங்கள். உங்கள் கணவர் பேசக்கூடிய ஆட்கள் அங்கே இருப்பார்கள். நூலகமும் நூதனசாலையும் அவருக்குப் பிடிக்காமல் இருக்கலாம். ஆனால் ஒரு கோப்பி குடித்துக்கொண்டு ஊர்க் கதை கதைக்க ஒருவர் கிடைத்தால், மறுநாள் அவரே சப்பாத்தை எடுத்து மாட்டுவார். குளிர்ந்த தரையில் அவர் வெறுங்காலோடு நெடுநேரம் நிற்கக் கூடாது என்பதை மட்டும் கவனியுங்கள். தடித்த காலுறையோடு நிற்கட்டும்.

பஸ்ஸைப் பயன்படுத்தப் பழகுங்கள். அங்குள்ள பஸ்கள் தாழ்தளம் உடையவை. முன்பக்கத்திலேயே முதியோருக்கான இருக்கைகள் உண்டு. அடுத்த தரிப்பிடத்தின் பெயரைக் குரலும் திரையும் அறிவிக்கும். நிலக்கீழ் ரயில் நிலையங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில்தான் படி ஏறாமல் போய்வர வழி இருக்கிறது என்பதால், முழங்கால் நோவுள்ளவருக்குப் பஸ்ஸே மேல். பேத்தி மாடியில் முன் இருக்கைக்கு இழுப்பாள். பஸ் ஓடும்போது அந்தப் படியில் ஏறுவதும் இறங்குவதும் உங்கள் வயதுக்கு ஏற்றதல்ல. அது அப்பாவோடு போகும்போது என்று சொல்லிவிடுங்கள். மற்றபடி எட்டு வயதுப் பிள்ளை பஸ் இலக்கம் வாசித்துச் சொல்லவும் தரிப்பிடம் எண்ணவும் நல்ல துணை. அவளுக்கு நீங்கள் பொறுப்பு, வழிக்கு அவள் பொறுப்பு என்று பகிர்ந்துகொண்டால் அவளுக்கும் பெருமையாக இருக்கும். ஆனால் இரு பிள்ளைகளையும் ஒரே நேரத்தில் தனியே வெளியே கொண்டுபோக ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு கையில் ஊன்றுகோலும் மறுகையில் நான்கு வயதுப் பிள்ளையுமாக ஈரத் தெருவைக் கடப்பது யாருக்கும் பாதுகாப்பானதல்ல; இதை மறுப்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

நீங்கள் பார்க்க விரும்பும் பிரித்தானிய நூதனசாலைக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. கேட்டால் சக்கர நாற்காலி இரவல் தருவார்கள். உள்ளே உட்கார இடமும் கழிவறையும் தாராளம் என்பது உங்கள் கணவருக்குச் சொல்ல வேண்டிய செய்தி. முழுவதையும் பார்க்க முயலாதீர்கள். 33ஆம் இலக்கக் கூடத்துக்கு நேராகப் போங்கள். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையோரப் பகுதியில் கண்டெடுக்கப்பட்ட, எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் பொன்முலாம் பூசிய தாராதேவி சிலை அங்கே நிற்கிறது; ஓர் ஆளின் உயரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு. இலங்கையில் தேசாதிபதியாக இருந்த ரொபர்ட் பிரவுன்றிக் 1830இல் அதை நூதனசாலைக்குக் கொடுத்தார். ஒரு தலைமுறைக்கு வரலாறு படிப்பித்த நீங்கள் அதற்கு முன்னால் நின்று, அது எங்கிருந்து, எப்படி, யாரால் அங்கே போனது என்று உங்கள் பேத்திக்குச் சொல்ல வேண்டும் என்று நான் மிகவும் விரும்புகிறேன். அவளுடைய பாடசாலையில் அதை வேறு யாரும் அவளுக்குச் சொல்லப் போவதில்லை. பேரனுக்கென்றால் இயற்கை வரலாற்று நூதனசாலை. நுழைந்ததும் கூரையிலிருந்து தொங்கும், 25 மீற்றர் நீளமான நீலத் திமிங்கில எலும்புக்கூடு ஒன்றே அவனுக்குப் போதும். இவ்விரண்டும் திசெம்பர் 24 முதல் 26 வரை மூடியிருக்கும். நத்தார் தினத்தன்று லண்டனில் பஸ்ஸும் ரயிலும் ஓடாது. அன்றைக்கு எந்தத் திட்டமும் வைக்காதீர்கள்.

மகளிடம் சொல்வது

மகளுக்குத் தொந்தரவு ஆகுமே என்கிறீர்கள். எனக்குத் தோன்றுவது வேறு. அம்மாவும் அப்பாவும் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறார்களே, நம்மால் ஒன்றும் காட்ட முடியவில்லையே என்ற குற்றவுணர்ச்சியோடுதான் பல பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போகிறார்கள். அதைத் தீர்க்கத்தான் சனிக்கிழமை காரில் ஏற்றிக் கடைத்தொகுதிக்குக் கொண்டுபோகிறார்கள். நீங்கள் ஒன்றும் கேட்காமல் இருந்தால் அவருடைய பாரம் குறைந்துவிடும் என்பது உங்கள் எண்ணம். அவருக்கோ நீங்கள் என்ன விரும்புகிறீர்கள் என்று தெரியாமல் இருப்பதே பாரம்.

புறப்படுவதற்கு முன்பே, தொலைபேசியில், தெளிவாகச் சொல்லுங்கள்: "பிள்ளை, இந்த முறை கிழமையில் இரண்டு நாள் நானும் அப்பாவும் பகலில் வெளியே போய்வர விரும்புகிறோம். அந்த நாட்களில் பிள்ளைகளுக்கு வேறு ஏற்பாடு செய்ய முடியுமா? மற்ற நாட்களில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்." நத்தார் பாடசாலை விடுமுறை பொதுவாக இரண்டு வாரம்தான், ஆறு வாரம் தங்கும் உங்களுக்கு மிச்ச நாட்கள் நிறைய இருக்கின்றன. முதல் தடவை மகளோ மருமகனோ கூட வந்து ஒரே ஒரு வழியை, வீட்டிலிருந்து பஸ் தரிப்பிடம், அங்கிருந்து கோயிலோ நூலகமோ, திரும்பி வரும் பஸ், என்று காட்டித் தரட்டும். அந்த ஒரு வழி பழகிய பிறகு அடுத்ததைப் பழகலாம். உங்கள் கைத்தொலைபேசிக்கு அந்நாட்டுச் சிம் ஒன்று, இருக்கும் இடத்தை மகள் பார்க்கக்கூடிய ஏற்பாடு, வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதிய ஒரு துண்டு இருவருடைய சட்டைப்பையிலும். அவசரத்துக்கு 999, அவசரமல்லாத வைத்திய ஆலோசனைக்கு 111. இவை இருந்தால் மகளின் கவலை பெரும்பாலும் அடங்கிவிடும்.

புறப்படுவதற்கு முன் கொழும்பில்

முழங்காலை இங்கேயே தயார்ப்படுத்த வேண்டும். இன்றிலிருந்து மாலையில் மெரின் டிரைவில் பத்து நிமிடம். வலி கூடாவிட்டால் ஒவ்வொரு கிழமையும் இரண்டு மூன்று நிமிடம் கூட்டுங்கள். கதிரையிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியைக் காலையும் மாலையும் பத்துத் தடவை செய்யட்டும். தொடைத் தசைக்கு அதைவிட எளிய பயிற்சி இல்லை. ஊன்றுகோல் பிடிப்பதானால் வலது முழங்கால் நோவுக்கு இடது கையில் பிடிக்க வேண்டும். பலரும் நோகும் பக்கத்திலேயே பிடிக்கிறார்கள். அதைப் பிடிக்க வெட்கப்படுகிறார் என்றால், விமான நிலையத்தில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்; அங்கே அவரை யாருக்கும் தெரியாது.

நீரிழிவுக்கு அவர் எடுக்கும் குளிசை எது என்று நீங்கள் எழுதவில்லை. மெற்போமின் மட்டும் என்றால் நடப்பதால் சீனி ஆபத்தாகக் குறைவது அரிது. கிளிக்லசைட் போன்றவை சேர்ந்திருந்தால், வழக்கத்தைவிடக் கூட நடக்கும் நாளில், மதிய உணவு பிந்தும்போது, சீனி சடுதியாகக் குறையக்கூடும். தடித்த கோட்டுக்குள் வியர்ப்பது வெளியே தெரியாது. அவர் திடீரென்று எரிச்சலாகப் பேசினாலோ தடுமாறினாலோ முதலில் சீனியைத்தான் சந்தேகிக்க வேண்டும். குளுக்கோஸ் வில்லைகளை அவருடைய பையிலும் உங்கள் பையிலும் வையுங்கள். நேரம் மாறும் முதல் நாளில் குளிசையை எப்போது எடுப்பது என்பதையும் அவருடைய வைத்தியரிடம் எழுதி வாங்குங்கள். தங்கும் காலத்துக்கும் மேலதிகமாக இரண்டு வாரத்துக்கும் உரிய மருந்தை, அதன் பெட்டியோடும் வைத்தியரின் கடிதத்தோடும், கைப்பையிலேயே எடுத்துச் செல்லுங்கள்.

பாதங்களை ஒவ்வொரு இரவும் நீங்களே பாருங்கள். நீரிழிவால் உணர்ச்சி குறைந்த கால், புதுச் சப்பாத்தின் உரசலைச் சொல்லாது. குளிர்ந்த காலைச் சூடாக்கியின் மேல் வைப்பதும், சுடுநீர்ப் பையை வைத்துக்கொண்டு படுப்பதும் கொப்புளத்தில் முடியும். பிறகு மீதி விடுமுறை முழுவதும் கட்டுப் போட்ட காலோடு வீட்டுக்குள் இருக்க வேண்டி வரும்.

இவ்வளவு செய்த பிறகும் அவர் வர மாட்டேன் என்றால், அவரை வற்புறுத்தாதீர்கள். அவருக்காக நீங்களும் உட்கார்ந்துவிட வேண்டாம். மதியச் சாப்பாட்டையும் குளிசையையும் எடுத்து வைத்து, எப்போது திரும்புவேன் என்று சொல்லிவிட்டு, முதலில் மகளோடும் பிறகு பேத்தியோடும் போய் வாருங்கள். நாற்பது ஆண்டுக் குடும்ப வாழ்க்கையில் ஒரு பகல் நேரம் இருவரும் தனித்தனியே இருப்பதால் எதுவும் கெட்டுவிடாது. திரும்பி வந்து என்ன பார்த்தீர்கள் என்று அவருக்குச் சொல்லுங்கள். ஒரு கிழமை கழித்து இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள்.